பிடித்தலும் விடுத்தலும்



வண்டியில் பிரேக் எதற்காக அமைந்திருக்கிறது என்று எந்த வகுப்பில் கேட்டாலும், "வண்டியை நிறுத்துவதற்கு" என்று பல குரல்கள் ஒருங்கே எழும். அந்த விடை தவறானதன்று. ஆயினும் அது பாதி விடையே. மிதியை அழுத்தும்போது சக்கரத்தைப் பிடிப்பது பிரேக்கின் முதற் கடமை. காலை எடுத்தவுடன், பிடித்த சக்கரத்தை முற்றிலும் விட்டுவிடுவது அதன் இரண்டாவது கடமை. முதற் கடமையில் தவறும் பிரேக்கைக் கண்டு எல்லாரும் அஞ்சுகிறார்கள். இரண்டாவது கடமையில் தவறும் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே. "பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, பிறகென்ன?" என்று கூறி, அவ்வண்டியை நாட்கணக்கில் ஓட்டுவோரும் உளர். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கே சிறிது நேரத்தில் பிடிக்கவே இயலாத பிரேக்காக மாறிவிடக்கூடும் என்பதை அவர்கள் அறியார்.

மோட்டார்ப் பட்டறைகளில் "பிரேக் ஜாம்" என்று வழங்கும் இக்குறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் ஏன் இறுகிப்போகிறது? அதன் காரணத்தை முறையாகத் தேடுவது எப்படி? கண்டபின் சீர்செய்வது எப்படி? நீங்கள் அனைவரும் மெக்கானிக் ஆகப்போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் உங்களிற் பலர் இருசக்கர வண்டியோ காரோ ஓட்டுவீர்கள். அன்றியும், ஒரு குறைக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடுமானால் அவற்றுள் மெய்யான காரணத்தை எவ்வாறு பிரித்தறிவது என்ற பாடத்தை இச்சிறு கருவி மிகத் தெளிவாகக் கற்பிக்கிறது.

முதலில் கருவியின் அமைப்பைப் பார்ப்போம். சைக்கிளின் பிரேக்கை நினைவுகூருங்கள். கைப்பிடியை அழுத்தினால் இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இருபுறமும் கவ்வுகின்றன. டிஸ்க் பிரேக்கும் அதே கொள்கையினதே. விளிம்புக்குப் பதிலாக, சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வட்டமான இரும்புத் தகடு ஒன்று உண்டு, அதுவே டிஸ்க். ரப்பர்க் கட்டைகளுக்குப் பதிலாக, வெப்பந்தாங்கும் உராய்வுப் பொருள் ஒட்டப்பெற்ற இரண்டு பேடுகள் உண்டு. பேடுகளைத் தாங்கி, டிஸ்க்கின் இருபுறமும் கவ்வி நிற்கும் உலோகக் கூடே காலிப்பர். இங்கிலாந்து நாட்டுப் பொறியியலறிஞர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே அதன் பெருமை பரவலாக உணரப்பட்டது.

நம் காலின் விசை காலிப்பருக்கு எவ்வாறு செல்கிறது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியைப் பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு உருளையிலுள்ள திரவம் அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தம் இரும்புக் குழாய் வழியாகவும், சக்கரத்தின் அருகில் வளைந்து கொடுக்கும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் சென்று, காலிப்பரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 2 சென்டிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், பரப்பு ஆறேகால் மடங்காகிறது. ஆகவே விசையும் ஆறேகால் மடங்காகப் பெருகுகிறது.

கார்களிற் பெரும்பாலானவற்றில் பிஸ்டன் காலிப்பரின் உட்புறத்தில் மட்டுமே இருக்கும். அது உட்பக்கப் பேடைத் தள்ளி டிஸ்க்கின் மேல் அழுத்தியவுடன், அதன் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் உட்புறமாக நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் டிஸ்க்கின்மேல் இழுத்து அழுத்துகிறது. இவ்வாறு நகர்வதற்கு இரண்டு வழவழப்பான தண்டுகள் காலிப்பருக்குத் துணை நிற்கின்றன. பட்டறையில் அவற்றைக் காலிப்பர் பின் என்பர். இத்தண்டுகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; பின்னர் இவற்றிடம் திரும்பி வருவோம்.

பிடிக்கும் வேலை இவ்வாறு நடைபெறுகிறது. விடும் வேலையை யார் செய்கிறார்? சைக்கிள் பிரேக்கில் கட்டைகளைப் பின்னுக்கு இழுக்க வில் உண்டு. பழைய டிரம் பிரேக்கிலும் வலிய வில்கள் உண்டு. காலிப்பரைத் திறந்து பார்த்தால் பிஸ்டனை இழுக்கும் வில் எதுவும் அங்கே காணப்படாது. அந்த வேலையைச் செய்வது ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனைச் சுற்றி, காலிப்பரின் உட்சுவரில் வெட்டப்பட்ட பள்ளத்தில் அது அமர்ந்திருக்கிறது. அதன் குறுக்குவெட்டு சதுர வடிவானது. திரவம் வெளியே கசியாமல் தடுப்பது அதன் ஒரு வேலை. பிஸ்டன் முன்னே நகரும்போது, அதைப் பற்றியிருக்கும் இவ்வளையம் சற்றே முறுக்கி வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் ரப்பர் தன் பழைய வடிவுக்கு மீள்கிறது. மீளும்போது பிஸ்டனையும் உடன் இழுத்துக்கொள்கிறது. அது இழுக்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரினும் மிகச் சிறிது. ஏறத்தாழ ஓரிரு தாள்களின் கனம் எனலாம். அத்துணைச் சிறு இடைவெளியால்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது.

அவ்வளவு நுட்பமான விடுதலை எளிதில் கெட்டுப்போகும் என்பதில் வியப்பென்ன? சிறிது துரு, சிறிது மண், உலர்ந்துபோன கிரீஸ், ஊதிப்போன ரப்பர், இவற்றுள் ஒன்று போதும். பேடு டிஸ்க்கை உராய்ந்தவண்ணமே இருக்கும்.

அதனால் விளையும் தீங்கைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,39,000 ஜூல். அவ்வண்டியை ஒருமுறை முற்றிலும் நிறுத்தினால், அவ்வாற்றலிற் பெரும்பகுதி நான்கு பிரேக்குகளிலும் வெப்பமாகிறது. இனி, ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் விடாமல், 20 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையால், அதாவது சுமார் 200 நியூட்டன் விசையால் வண்டியைத் தடுத்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுபவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆயினும் வினாடிதோறும் 200ஐ 16.7ஆல் பெருக்கிய அளவு, ஏறத்தாழ 3,300 ஜூல், அச்சக்கரத்தில் வெப்பமாகிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை அச்சக்கரத்தினுள் வைத்து மூட்டியதற்கு அது சமம். பத்து நிமிடத்தில் சேரும் வெப்பம் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல். மேற்சொன்ன வேகத்திலிருந்து வண்டியைப் பதினான்கு முறை முழுதும் நிறுத்தினால் உண்டாகும் வெப்பம் அது. அதுவும் நான்கு சக்கரங்களுக்குப் பங்கிடப்படாமல் ஒரே சக்கரத்தில்!

இவ்வெப்பம் பேடையும் டிஸ்க்கையும் மட்டும் தாக்குவதில்லை. பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கும் செல்கிறது. கடையில் நாம் "பிரேக் ஆயில்" என்று கேட்டு வாங்குகிறோமே, அது உண்மையில் எண்ணெயன்று. கிளைக்கால் வகையைச் சேர்ந்த அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையிலேனும் கொதியாமல் நிற்க வேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்த நிலையில் 140 பாகை வரையிலேனும் நிற்க வேண்டும் என்பது விதி. டாட் 4 என்னும் தரத்துக்கு இவ்வெல்லைகள் முறையே 230, 155 பாகைகள். ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவம் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் எளிதில் சுருங்காது; ஆவியோ எளிதில் சுருங்கும். ஆகவே மிதியை அழுத்தும்போது கால் தளம்வரை செல்லும், பிஸ்டனோ நகராது. விடாத பிரேக் பிடிக்காத பிரேக்காக மாறுவது இவ்வாறுதான்.

இனிக் குறிகளைக் காண்போம். மிதியில் கால் வைக்காமலே வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சமதரையில் கியரை விலக்கினால் வழக்கம்போல் உருண்டோடாமல் விரைவில் நின்றுவிடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். கருகிய நெடி வீசும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் மிகுந்த வெப்பமாக இருக்கும். இதனைச் சோதிக்க விரலால் டிஸ்க்கைத் தொடலாகாது, தோல் வெந்துவிடும். புறங்கையைச் சற்றுத் தொலைவில் நீட்டினாலே வேறுபாடு புலப்படும். தொடாமலே வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் கருவியும் இன்று பட்டறைகளில் உண்டு. பேடுகளைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று மிகத் தேய்ந்தும் மற்றொன்று கனமாகவும் இருக்கலாம். வெளிப்பக்கப் பேடு மிகத் தேய்ந்திருந்தால் தண்டுகளின்மேலும், உட்பக்கப் பேடு மிகத் தேய்ந்திருந்தால் பிஸ்டனின்மேலும் முதலில் ஐயம் கொள்வது வழக்கம். ஆனால் ஐயம் வேறு, முடிவு வேறு. இவையாவும் நோயின் குறிகளேயன்றி நோயின் காரணங்கள் அல்ல.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் குறையறி சோதனை என்ற ஒன்றைக் கற்பித்தார்கள். ஒரு மாணவன் வகுத்தல் கணக்கில் தவறுகிறான் என்றால், அவனுக்கு அதே கணக்கைப் பத்துமுறை கொடுப்பதாற் பயனில்லை. வாய்பாடு தெரியவில்லையா, கழித்தல் வரவில்லையா, இலக்கத்தின் இடமதிப்பில் மயக்கமா என்று தனித்தனியே பிரித்துக் காட்டும் வினாக்களைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வினாவின் விடையும் சில காரணங்களை அறவே நீக்கிவிட வேண்டும். காலிப்பருக்கும் இதே முறைதான்.

நான் வாழும் சேலத்தில் சில ஆண்டுகளுக்கு முன் கண்ட நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். என் அண்டைவீட்டு நண்பர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். மாதம் இருமுறை ஏற்காட்டிலுள்ள மகள் வீட்டுக்குத் தம் காரில் சென்று, பேத்தியை அழைத்துக்கொண்டு இறங்குவார். அவருடைய காரின் முன் இடச் சக்கரம் வெப்பமேறத் தொடங்கிற்று. ஒரு பட்டறையில் பேடுகளை மாற்றினார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிற்று, மீண்டும் வெப்பம். அடுத்த முறை காலிப்பரையே மாற்றினார்கள். பத்து நாள் கழித்து மீண்டும் அதே கதை. மூன்றாவதாக, வேறொரு சிறிய பட்டறைக்குச் சென்றோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து வந்து, எதையும் கழற்றாமல், முதலில் நாங்கள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, பேடும் புதிது, காலிப்பரும் புதிது. இனி எதை மாற்றலாம் என்று யோசிப்பதில் பயனில்லை. அழுத்தம் உள்ளே அடைபட்டு நிற்கிறதா, இல்லையா? முதலில் அதைத் தெரிந்துகொள்வோம்" என்றார்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தினார். பிரேக் மிதியைச் சிலமுறை அழுத்திவிட்டு விடச் சொன்னார். கையால் சக்கரத்தைச் சுழற்ற முயன்றார். அது அசைய மறுத்தது. காலிப்பரின் மேற்பகுதியில், உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவதற்கென்று அமைந்த சிறு திருகு உண்டு, பிளீடர் என்பர். அதில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையைப் புட்டியில் இட்டுத் திருகைச் சற்றே தளர்த்தினார். திரவம் சீறிப் பாய்ந்தது. சக்கரம் இலகுவாகச் சுழன்றது.

"சரியாகிவிட்டதா?" என்று நண்பர் ஆவலோடு கேட்டார்.

"இல்லை ஐயா. இன்னும் எதுவும் சரியாகவில்லை. எங்கே தேட வேண்டியதில்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது" என்றார் மெக்கானிக்.

அவ்விடையை எத்தனையோ வகுப்பறைகளில் எழுதி வைக்கலாம். அவர் செய்த சோதனையின் பொருளை எண்ணிப் பாருங்கள். பிளீடரைத் திறந்ததும் சக்கரம் விடுபட்டதென்றால், அழுத்தம் நீங்கியதும் பிடி தளர்கிறது என்று பொருள். ஆகவே தண்டுகள், பிஸ்டன், பேடுகள் ஆகியவற்றிற் குற்றமில்லை. திரவம் திரும்பிச் செல்லும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பிளீடரைத் திறந்தும் சக்கரம் விடுபடாவிடின், அழுத்தமில்லாமலே பிடி நிற்கிறது என்று பொருள். அப்போது குற்றம் காலிப்பரின் உறுப்புக்களிலேயே இருக்க வேண்டும். ஒரே திருகின் அரைச் சுற்றில் காரணங்களிற் பாதி நீங்கிவிட்டன.

அடுத்து அவர் பிளீடரை இறுக்கி, மீண்டும் மிதியை அழுத்தி விடச் செய்தார். சக்கரம் மறுபடி இறுகிற்று. இம்முறை ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேருமிடத்தைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. அதாவது, ஹோஸுக்கு மேலே அழுத்தத்தை விடுவித்தும் கீழே அழுத்தம் அடைபட்டே நின்றது. எனவே அடைப்பு ஹோஸினுள்ளேயே இருந்தது. அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டிருந்தால், குற்றம் மாஸ்டர் சிலிண்டர்ப் பக்கம் என்று முடிவு செய்திருக்கலாம். பழைய ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே ஒரு கீறலுமில்லை. உள்ளேயோ ரப்பர் உரிந்து நாக்குப்போல் தொங்கிற்று. மிதிக்கும் வலிய அழுத்தம் அந்நாக்கைத் தள்ளிக்கொண்டு சென்றது. திரும்பி வரும் மெல்லிய ஓட்டம் அதனைத் தள்ள இயலாமல் நின்றது. உட்செல்ல விட்டு வெளிவர விடாத ஒருவழிக் கதவு! பேடும் காலிப்பரும் மாற்றியபோது குழாயை அசைத்ததால் அந்நாக்குச் சில நாள் விலகி நின்றிருக்கும். குறை தீர்ந்ததாகத் தோன்றியது அதனால்தான் என்று அவர் விளக்கினார். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதிய ஹோஸ் மாற்றினார். அதற்கான செலவு, முன்னர்ப் பேடுகளுக்கும் காலிப்பருக்கும் ஆன செலவிற் சிறு பகுதியே.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டைஊசி வளைவுகள் உள்ளன. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 98 லட்சம் ஜூல் ஆற்றலை எவ்வாறேனும் கழித்தாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். எஞ்சியது பிரேக்குகளின் பொறுப்பு. ஏற்கனவே காய்ந்துகொண்டிருக்கும் சக்கரத்தோடு, தாத்தாவும் பேத்தியும் அந்த வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது, அந்த அரைச் சுற்றுத் திருகின் மதிப்பு விளங்கும்.

ஒரே சக்கரத்தில் அன்றி, ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்களில் ஒருசேரப் பிடி நின்றால் மாஸ்டர் சிலிண்டரை முதலில் ஐயுற வேண்டும். அதனுள் மிகச் சிறிய துளை ஒன்று திரவத் தொட்டியோடு இணைந்திருக்கிறது. மிதி ஓய்ந்திருக்கும்போது அத்துளை திறந்திருக்க வேண்டும். வெப்பத்தால் விரியும் திரவம் அதன் வழியே தொட்டிக்குத் திரும்பும். மிதிக்கும் சிலிண்டருக்கும் இடையே சிறிதும் தளர்வின்றி முடுக்கிவிட்டால் துளை மூடியே கிடக்கும்; விரிந்த திரவம் போக்கிடமின்றிப் பிரேக்கைத் தானே அழுத்தும். பல கார்களில் ஒரு முன்சக்கரமும் அதன் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே குழாய்வழியில் இணைந்திருப்பதால், அவ்விரண்டு மட்டும் சேர்ந்து இறுகுவதும் உண்டு. பின்சக்கரம் மட்டும் இறுகினால் ஹேண்ட் பிரேக்கின் கேபிள் துருவேறிச் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, பிளீடரைத் திறந்தும் சக்கரம் விடுபடாத நிலையை எடுத்துக்கொள்வோம். இப்போது காலிப்பரின் உறுப்புக்களையே வினவ வேண்டும். காலிப்பரைக் கழற்றுமுன், அதனைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்த ஏற்பாடு செய்துகொள்க. ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் கெடும். முதல் வினா: தண்டுகள் கையின் விசைக்கு வழுக்கி நகர்கின்றனவா? நகராவிடின் அவையே காரணம். அவற்றை உருவித் துருவை நீக்கித் துடைக்க வேண்டும். குழிவிழுந்த தண்டையும் கிழிந்த ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். பிறகு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகோன் வகைக் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். சில வண்டிகளில் இரு தண்டுகளும் ஒன்று போல் இரா. ஆகவே எது எங்கிருந்தது என்று குறித்துக்கொள்க.

இரண்டாவது வினா: பிளீடர் திறந்த நிலையில், பழைய பேடு ஒன்றை வைத்துக் கவ்விக் கருவியால் மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் உள்ளே செல்கிறதா? செல்லாவிடின் அல்லது மிகுந்த முரண்டோடு சென்றால், பிஸ்டனே இறுகியிருக்கிறது. பெரும்பாலும் தூசி உறை கிழிந்து, ஈரமும் மண்ணும் புகுந்து, பிஸ்டனில் துருவேறியிருக்கும். பிஸ்டனை வெளியே எடுக்கப் பிரேக்கின் திரவ அழுத்தத்தையே பயன்படுத்துவது நல்லது. காற்றழுத்தத்தால் எடுக்க முயல்வோர் விரலை அதன் முன் வைத்தால் விரல் நசுங்கும். சுவரும் பிஸ்டனும் வழவழப்பாக இருந்தால், தூய பிரேக் திரவத்தால் கழுவி, புதிய ரப்பர் வளையமும் புதிய தூசி உறையும் பொருத்தலாம். குழி விழுந்திருந்தால் பழுது பார்ப்பதில் பயனில்லை, மாற்றுவதே முறை. பின்சக்கரக் காலிப்பர்கள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்கும். அவற்றின் பிஸ்டனைத் திருகித்தான் உட்செலுத்த வேண்டும். வலிந்து அழுத்தினால் உடையும். மின்சாரத்தால் இயங்கும் ஹேண்ட் பிரேக்குள்ள வண்டியில், தயாரிப்பாளரின் கையேடு கூறும் முறைப்படி அதனைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

மூன்றாவது வினா: தண்டும் பிஸ்டனும் நன்றாக இருப்பின், பேடுகள் தம் தாங்கியில் தடையின்றி நகர்கின்றனவா? தாங்கியிலுள்ள மெல்லிய தகடுகளின் அடியில் துரு தடித்து, பேடின் காதுகளை நெரித்திருக்கலாம். தகட்டை எடுத்துத் துருவைச் சுரண்டினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பிரேக் ஆயில்" என்ற பெயரை நம்பி, தொட்டியில் எஞ்சின் ஆயிலையோ, தண்டுகளில் சாதாரணக் கிரீஸையோ, தேங்காயெண்ணெயையோ இடுவோர் உண்டு. பிரேக்கிலுள்ள ரப்பர் வகைகள் கிளைக்கால் திரவத்துக்கு இசைந்தவை; கனிம எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஊதிய வளையம் பிஸ்டனை இறுகப் பற்றி விடாது. குறையைப் போக்க இட்ட எண்ணெயே குறையை உண்டாக்கும். பேடின் தூசியை வாயால் ஊதுவதும் கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நன்று.

வேலை முடிந்தபின் குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். வண்டியை நகர்த்துமுன், மிதி உறுதியாகும் வரையில் பலமுறை அழுத்த வேண்டும். இல்லையேல் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. திரவத்தை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். அச்செலவு வீண் செலவன்று. மாணவர்களாகிய நீங்கள் ஓட்டும் மோட்டார் சைக்கிளிலும் இதே காலிப்பர் சிறு உருவில் இருக்கிறது. விடுமுறை மாதங்களில் மழையில் கிடந்த வண்டியை எடுத்தவுடன், அதனைத் தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் கையால் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை அது.

வழியில் சக்கரம் காய்ந்து புகைந்தால் என்ன செய்வது? பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தானே ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீரை ஊற்றினால் காய்ந்த டிஸ்க் கோணலாம், வெடிக்கலாம். ஆறியபின் "இப்போது சரியாகிவிட்டது" என்று மலையிறங்கத் துணியாதீர்கள். ஆறியது வெப்பமே, காரணம் அப்படியே இருக்கிறது. வண்டியை இழுத்துச் செல்ல ஆகும் செலவைக் கணக்கிட்டுத் தயங்குவோருக்கு, ஆவியேறிய குழாயோடு இறங்கும் சாலையின் கணக்கை நினைவூட்டுங்கள்.

பட்டறையில் உங்களிடம், "இதை மாற்ற வேண்டும்" என்று சொல்வார்கள். "எந்தச் சோதனையால் அவ்வாறு தெரிந்தது?" என்று பணிவோடு கேளுங்கள். தொழிலறிந்தவர் அக்கேள்வியால் சினம் கொள்ளார்; மகிழ்ச்சியோடு காட்டுவார். சக்கரத்தைக் கையால் சுழற்றி, திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடி சுழற்றிக் காட்டுவார். அதனை அருகில் நின்று கவனியுங்கள். பௌதிக நூலில் படித்த பாஸ்கலின் விதி உங்கள் கண்முன்னே வேலை செய்வதைக் காண்பீர்கள்.